எங்கள் என்னும் சொல்



ஊரை விட்டு வந்த நம் கிறிஸ்தவக் குடும்பங்களிற் சிலர் இவ்வாறு கூறக் கேட்கின்றோம்: "வேதம் வீட்டில் இருக்கிறது, ஜெபமும் வீட்டில் நடக்கிறது, ஊர்க் கோவில் ஆராதனையைக் கைப்பேசியிலேயே காண்கின்றோம். இங்கே ஒரு சபையில் சேர்வானேன்?"

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. அயல்மொழி ஆராதனை நெஞ்சில் ஒட்டுவதில்லை. சில சபைகளில் சாதிப் பிரிவும் கட்சிப் பூசலும் மலிந்துள்ளன. மனம் நொந்து விலகியவர்களைப் பழிக்க நாம் துணியோம். எனினும், விலகி நிற்றல் அந்நோய்க்கு மருந்தாகுமா?

திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தை எண்ணிப் பார்ப்போம். தஞ்சையிலிருந்து வந்த மராட்டிய அந்தணக் கைம்பெண் ஒருவர் பாளையங்கோட்டையில் குடியேறினார். உடன் வாழ்ந்த ஆங்கிலப் படை அதிகாரியிடமிருந்து கிறிஸ்தவ போதனையை அறிந்தார். அவ்வதிகாரி இறந்தபின், 1778-ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா என்னும் பெயர் பூண்டார். சுற்றத்தார் அருகில் இல்லை, தாய்மொழியும் வேறு. அவர் தம் வீட்டினுள் தனியே தொழுது வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் பிறரைக் கூட்டினார். 1780-ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் 40 பேர் காணப்பட்டனர். அவர் முயற்சியால் எழுந்த சிறு கோவில் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது; இன்றும் அங்கே நிற்கிறது. குடிபெயர்ந்து வந்த ஒரு பெண்ணே அச்சபைக்கு அடியிட்டவர் என்பதை நாம் மறக்கலாகாது.

ஞானஸ்நானத்தை எவரும் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்வதில்லை. திருவிருந்தும் தனியொருவர் உணவன்று. ஆண்டவர் தம் சீடருக்குக் கற்பித்த ஜெபத்திலும் 'என்' என்னும் சொல் இல்லை. 'எங்கள் பிதாவே' என்றே அது அழைக்கிறது. தனியறையில் அதனைச் சொல்பவரும் பிறரோடு சேர்ந்தே சொல்கின்றார்.

நாம் இந்நகருக்கு வந்த முதலாண்டில் எச்சபையிலும் சேரவில்லை. ஓரிரவு குழந்தைக்குக் கடுஞ்சுரம் கண்டது. எவர் கதவைத் தட்டுவதென்று அறியாது விடியுமளவும் கலங்கியிருந்தோம். கைப்பேசியில் கேட்ட பிரசங்கம் நல்லதே. ஆயினும் அப்பிரசங்கியார் நம் வீட்டை அறியார். அடுத்த ஞாயிறே சபைக்குச் சென்றோம். பிறகு வந்த நோய்களில் நம் வாயிலுக்கு ஆட்கள் வந்தனர். பிறர் வாயிலுக்கு நாமும் சென்றோம்.

உதவி பெறுதல் மட்டுமன்று பயன். தனித்திருப்பவரைத் திருத்துவார் இல்லை. நம் சினத்தையும் செருக்கையும் கண்டு, "அண்ணாச்சி, இது தகாது" என்று சொல்ல ஒருவர் வேண்டும். சபையின் குறையைச் சுட்டும் உரிமையும் அதனுள் இருப்பவருக்கே மிகுதி. சாதியை எதிர்ப்போர் அனைவரும் வெளியேறிவிட்டால் உள்ளே எஞ்சுவது சாதியேயன்றோ?

ஆதலின், ஊர்ச் சபைக் குருவிடம் ஒரு கடிதம் பெற்று வாருங்கள். தமிழ் ஆராதனை எட்டும் தொலைவில் இருந்தால் அங்கே சேருங்கள். இல்லையேல், அருகிலுள்ள அயல்மொழிச் சபையிலேனும் அமருங்கள். குளோரிந்தா அம்மையாருக்கும் தமிழ் அயல்மொழியே. வரும் ஞாயிறு உங்கள் பக்கத்து இருக்கையில் தயங்கி அமரும் புதியவரிடம், "எந்த ஊர்?" என்று முதலிற் கேட்பவர் நீங்களாய் இருங்கள்.