ஆர்.எக்ஸ். 100: ஓசையும் விசையும்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையில் யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்று நம்மைக் கடந்து போகாத மாலை அரிது. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் உருவான வண்டி அது. இன்று ஓட்டுவோரில் பலர் அதன் உற்பத்தி நின்றபின் பிறந்தவர்கள். இந்தப் பழமைப் பற்றில் நமக்குக் குறையில்லை. சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டுவதே அவ்வண்டிக்குச் செய்யும் முதல் மரியாதை என்ற நம்பிக்கையோடுதான் நமக்குப் பிணக்கு.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் ஓசையை அடக்கும் கருவி மட்டுமன்று. புகை வெளியேறும் வாயிலும் புதுக்கலவை நுழையும் வாயிலும் அங்கே ஒரே வேளையில் திறந்திருக்கின்றன. கலவையில் ஒரு பங்கு புகையோடு நழுவிவிடும். குழாயில் மோதித் திரும்பும் அழுத்த அலை அதை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் 1950களில் இந்த அலையைப் பந்தய வண்டிகளுக்குப் பழக்கினார். 1961இல் அந்நிறுவனத்தின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பியோடினார். அவரோடு அந்த அறிவும் ஜப்பானின் சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டத்தை அவர் சுசுகிக்காக வென்றார். ஆர்.எக்ஸ். 100இன் 98 சி.சி. இயந்திரம் 11 குதிரைத்திறன் தருவதில் குழாயின் நீளத்துக்கும் விட்டத்துக்கும் பங்குண்டு. தடுப்புக் குழாயை உருவி எறிந்தால் ஓசை பெருகும். விசை பெருகுமென்பது பெரும்பாலும் செவி செய்யும் மயக்கம்.

வெண்பாவில் ஒரு சீரை மாற்றினால் அடுத்த சீரோடு தளை தட்டும். இங்கே அடுத்த சீர் கார்புரேட்டர். காற்று கூடுதலாக உள்ளே வரும்போது பெட்ரோலும் கூடவேண்டும். மெயின் ஜெட்டின் துளையோ பழைய அளவிலேயே இருக்கிறது. கலவை மெலிகிறது, வெப்பம் ஏறுகிறது, பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பற்றிக்கொள்கிறது. நம் மாணவர் ஒருவருக்கு இது நேர்ந்தது சுண்ணாம்புக்கல் லாரிக்கு முன்னால். பிஸ்டன் ஜாம் ஆனதும் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்ச்சைப் பிடிக்கவேண்டும் என்று எவரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. லாரி ஓட்டுநர் சாலையோரம் ஒதுக்கியதால் மணிக்கட்டு முறிவோடு போயிற்று. "சத்தம் நல்லா இருந்துச்சுங்க ஐயா" என்றார் மருத்துவமனையில்.

ஏர் ஃபில்டரைக் கழற்றுவது இதனினும் கேடு. அரியலூர்ச் சாலைப் புழுதி சாதாரணப் புழுதியன்று. பண்டைக் கடலின் ஓடுகள் படிந்த சுண்ணாம்புக்கல்லின் துகள் அதில் கலந்திருக்கிறது. வடிகட்டியின்றி அதை உறிஞ்சும் சிலிண்டர் தேய்ந்து, விரைவில் போர் போடும் நிலைக்கு வந்துவிடும்.

சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றலாகாது என 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி நிறுத்துபவரை நாம் அதிகம் கண்டதில்லை.

செலவிட விரும்புவோர் முதலில் பழைய சைலன்சரின் உட்குழாயை உருவி, ஆண்டுக்கணக்கில் படிந்த கரியைச் சுரண்டட்டும். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, தேய்ந்த ஜெட்டையும் ஊசியையும் அதே அளவில் புதிதாக மாற்றட்டும். பிறகு சில மைல் ஓட்டி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கட்டும். நுனி காப்பி நிறமானால் சரி. வெளுத்திருந்தால் வண்டியை எடுக்கவேண்டாம்.