பத்து வருஷ கேப்!

ரெஸ்யூம்ல ஒரே ஒரு வருஷம் கேப் விழுந்தா போதும்... "அப்போ என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"னு ஹெச்.ஆர். குடைஞ்சு எடுத்துருவாங்க. ஆனா ஃப்ரெண்ட்ஸ், பத்து வருஷம் கேப் இருந்தாத்தான் வேலைன்னு ஒரு பதவிக்கு சட்டமே போட்டாங்க, தெரியுமா? அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பதவிதான் அது!

1947-ல அந்தப் பதவியை உருவாக்கினப்போ, ராணுவ அதிகாரியா இருந்தவங்கன்னா யூனிஃபார்மைக் கழற்றி பத்து வருஷம் ஆகியிருக்கணும்னு கண்டிஷன். காரணம் சிம்பிள். மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக்கு ராணுவம் கட்டுப்படணும். நேத்து வரைக்கும் சல்யூட் வாங்கின ஜெனரலே இன்னிக்கு அமைச்சர் நாற்காலியில உட்கார்ந்தா, கேள்வி கேக்கிறது யாரு, பதில் சொல்றது யாரு?

மூணே வருஷத்துல, ஒரே ஒருத்தருக்காக அந்தச் சட்டத்தைத் தளர்த்தினாங்க. அவர் பேர் ஜார்ஜ் மார்ஷல்.

மனுஷன் ஒண்ணும் மின்னல் வேகத்துல மேலே போனவர் இல்லை. 1902-ல செகண்ட் லெப்டினென்ட். ஜெனரல் ஆனது 1936-ல, 55 வயசுல! அதே 1880-ல பிறந்த டக்ளஸ் மெக்ஆர்தர் 38 வயசுலயே ஜெனரல். அப்புறம் ராணுவத்துக்கே தலைமைத் தளபதி. படையோட இருக்க ஆசைப்பட்ட மார்ஷலை, 1933-ல சிகாகோவுக்கு, பகுதிநேர வீரர்களைப் பயிற்றுவிக்கிற வேலைக்கு அனுப்பினதும் அவர்தான்.

1939 செப்டம்பர் 1. ஹிட்லர் படை போலந்துக்குள்ள நுழைஞ்ச அதே நாள், மார்ஷல் தலைமைத் தளபதியா பொறுப்பேத்தார். கையில இருந்தது 2 லட்சம் பேர்கூட இல்லாத ராணுவம். 1945-ல அது 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது! 1944 நார்மண்டி படையெடுப்புக்குத் தலைமை தாங்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? அதிபர் ரூஸ்வெல்ட் அவர் விருப்பத்தைக் கேட்டப்பவும், முடிவை அதிபர்கிட்டயே விட்டுட்டார். வாய்ப்பு ஐசன்ஹோவருக்குப் போச்சு.

போருக்குப் பிறகு 1947-ல வெளியுறவு அமைச்சர். நொறுங்கிக் கிடந்த ஐரோப்பாவுக்கு சுமார் 1,300 கோடி டாலர் கொடுத்த 'மார்ஷல் திட்டம்' அவர் பேர்லதான் இருக்கு. 1950-ல கொரியப் போர் வெடிச்சதும், 69 வயசு மனுஷனை பாதுகாப்பு அமைச்சரா வரச் சொன்னார் அதிபர் ட்ரூமன். ஐந்து நட்சத்திர ஜெனரல்கள் ஆயுசுக்கும் பணியில இருக்கிறதாத்தான் கணக்கு. அதனால, அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுச்சு. 'இவருக்கு மட்டும்தான்'கிற அர்த்தத்துல ஒரு குறிப்போட!

அடுத்து நடந்ததுதான் க்ளைமாக்ஸ். கொரியாவுல தளபதியா இருந்தவர் அதே மெக்ஆர்தர். போரை சீனாவரைக்கும் கொண்டு போகணும்னு, அதிபரோட கொள்கைக்கு எதிரா வெளிப்படையாவே பேச ஆரம்பிச்சுட்டார். ஊரே கொண்டாடுற ஹீரோ... கைவைக்க முடியுமா? மார்ஷலும் முதல்ல தயங்கினார். ஆனா ஆலோசனை முடிவுல, ட்ரூமன் பக்கம் உறுதியா நின்னார். 1951 ஏப்ரல் 11-ல மெக்ஆர்தர் அவுட்!

மார்ஷலுக்கும் அடி விழுந்துச்சு. துரோகின்னே அர்த்தம் வர்ற மாதிரி செனட்டர் மெக்கார்த்தி வசைபாடினார். மார்ஷல் சண்டைக்குப் போகலை. வந்து ஒரு வருஷம் ஆனதும், செப்டம்பர்ல பதவியை விட்டு இறங்கினார். 1953-ல கிடைச்சது, அமைதிக்கான நோபல்!

அந்தப் பத்து வருஷத்தை 2008-ல ஏழா குறைச்சாங்க. அப்பவும் 2017-ல ஜேம்ஸ் மேட்டிஸ், 2021-ல லாயிட் ஆஸ்டின்னு ரெண்டு ஜெனரல்களுக்கு மறுபடி விலக்கு.

"நாட்டை மிலிட்டரிகிட்ட கொடுத்தா எல்லாம் சரியாயிடும் மச்சி!"னு கேன்டீன்ல ஒருத்தன் ஆரம்பிப்பான்ல... அவன்கிட்ட ஒண்ணு கேளுங்க. மார்ஷல், மெக்ஆர்தர் ரெண்டு பேருக்கும் ஒரே பிறந்த வருஷம், ஒரே யூனிஃபார்ம், அதே ஐந்து நட்சத்திரம். நாற்காலியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, வரப்போறது மார்ஷலா மெக்ஆர்தரான்னு எப்படிடா கண்டுபிடிப்பே?

பதில் தெரியாததாலதான் பாஸ், அந்த கேப்!