கூரத்துப் பிள்ளைகளும் கியோட்டோ போகட்டும்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கூரம் என் ஊர். பட்டப்படிப்பின் நடுவே ஓராண்டு, பரிமாற்ற மாணவியாக ஜப்பானின் கியோட்டோ நகரில் படித்தேன். வகுப்பறையில் கற்றது எனக்குப் பட்டம் வாங்க உதவியது. வாடகை வீட்டிலும் வார்டு அலுவலகத்திலும் தெருமுனையிலும் கற்றது என் ஊருக்கே உதவும் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்: மாணவர் பரிமாற்றத் திட்டங்களில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். இன்று அந்த வாய்ப்பு பெரும்பாலும் பெருநகரக் கல்லூரிகளைத் தாண்டி வருவதில்லை.

சுற்றுலா போகிறவர் கோயிலையும் செர்ரிப் பூவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். குடியிருக்கப் போகும் மாணவருக்கு முதல் வேலை வார்டு அலுவலகத்தில். விமான நிலையத்தில் கொடுத்த குடியிருப்பு அட்டையோடு, வீடு புகுந்த 14 நாளுக்குள் அங்கே போய் முகவரியைப் பதிய வேண்டும். தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர வேண்டும். அதன் பிறகு காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் செலவில் 30 சதவீதம்தான் நம் பங்கு. சைக்கிள் வாங்கினால் திருட்டுத் தடுப்புப் பதிவு கட்டாயம். போலீஸ்காரர் வழியில் நிறுத்தி அந்த எண்ணைச் சரிபார்ப்பதும் உண்டு. மழை பெய்கிறதே என்று ஒரு கையில் குடை பிடித்து ஓட்டினால் சட்டப்படி தவறு. பகுதி நேர வேலைக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதுவும் படிப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான்.

புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. கியோட்டோவில் அதைக் கடைப்பிடிப்பது லேசான காரியமல்ல. பார்க்க வெறும் காய்கறிக் குழம்பு போலிருக்கும். காயவைத்துச் சீவிய சூரை மீனின் சாறு அதில் இறங்கியிருக்கும். பல்கலைக்கழக உணவகத்தில் பரிமாறிய அம்மா, எதில் மீன் சாறு, எதில் கடற்பாசிச் சாறு என்று கிண்ணம் கிண்ணமாகத் தொட்டுக் காட்டுவார். புத்த மடங்களின் சைவச் சமையல் வேரூன்றிய ஊர் அது. கேட்ட என்னை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது குப்பை. எரிக்கும் குப்பைக்கு நகராட்சி விற்கும் மஞ்சள் பை. பிளாஸ்டிக்குக்கும் பாட்டில்களுக்கும் உள்ளே இருப்பது தெரிகிற பை. மஞ்சள் பை லிட்டருக்கு ஒரு யென் கணக்கு: 10 லிட்டர் பை 10 யென், 45 லிட்டர் பை 45 யென். குப்பை கூடினால் செலவும் கூடும். எரிக்கும் குப்பையை வாரத்தில் இரண்டு நாள் எடுப்பார்கள், பிளாஸ்டிக்கை ஒரு நாள். காலை 8 மணிக்குள் குறித்த இடத்தில் வைத்து, காக்கை கிளறாமல் வலை போட்டு மூட வேண்டும். வண்டி வந்து போனதும் வலையை மடித்து அந்த இடத்தைப் பெருக்குவது தெருக்காரர்கள் முறைவைத்துச் செய்கிற வேலை. எங்கள் கட்டடத்துக்கும் முறை வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி வலையின் ஒரு முனையை என்னிடம் தந்து, மறுமுனையைத் தான் பிடித்து உதறி, மடிக்கும் விதத்தைக் கற்றுத் தந்தார்.

அதே பாட்டி ஒருநாள் கதவைத் தட்டி, கிளிப் போட்ட அட்டை ஒன்றை நீட்டினார். அதில் நாலைந்து காகிதங்கள். தீயணைப்புப் பயிற்சி எந்தப் பள்ளி மைதானத்தில், தெருவைச் சுத்தம் செய்யும் நாள் எது, ஆகஸ்டில் பிள்ளைகளுக்காக நடக்கும் ஜிசோ திருவிழாவுக்கு என்ன ஏற்பாடு என்ற விவரங்கள். மேலே வீட்டுப் பெயர்களின் பட்டியல். படித்தவர் தன் பெயருக்கு நேரே கையெழுத்தோ முத்திரையோ போட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். ‘கைரன்பான்’ என்பார்கள். பட்டியலின் கடைசியில் என் பெயரையும் பேனாவால் எழுதிச் சேர்த்திருந்தார்கள். பழைய தெருக்களின் வீட்டு வாசல்களில் தண்ணீர் நிரப்பிய சிவப்பு வாளிகளும் இருக்கும். எந்த வீட்டில் தீப்பிடித்தாலும் எடுத்து ஊற்றுவதற்கு. ஒரு வருஷம் தங்கிப் போகிற பெண்ணுக்கும் அந்தத் தெருவில் ஒரு பொறுப்பு இருந்தது.

அந்தப் பாட்டிக்கு ஒரு கவலையும் உண்டு. தெருச் சங்கத்தில் இளைஞர்கள் சேருவதில்லை, இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது என்பார். ஜப்பானில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு நல்ல ஏற்பாடு எப்படி நடக்கிறது, யார் உழைப்பில் நிற்கிறது, எங்கே தளர்கிறது என்பதைக் கூடவே வாழ்ந்து பார்த்தேன். அதுதான் ஊருக்குப் பயன்படும்.

நகராட்சி தந்த காகிதங்களில் வெள்ள அபாய வரைபடமும் இருந்தது. ஆறு கரை மீறினால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று நிறம் தீட்டிக் காட்டியிருந்தது. வெளிர் மஞ்சள் என்றால் அரை மீட்டருக்குள். இளஞ்சிவப்பு என்றால் 3 முதல் 5 மீட்டர், அதாவது தரைத்தளம் மூழ்கி மாடிக்கும் தண்ணீர் வரும். எந்தப் பள்ளியில் போய் ஒதுங்குவது என்பதும் குறித்திருந்தது. அதை விரித்த நிமிடம் எனக்குப் பாலாறு நினைவுக்கு வந்தது. 2021 நவம்பரில் அது கரைபுரண்டு ஓடியதை எங்கள் மாவட்டம் மறக்காது. எந்த ஏரி நிரம்பினால் எந்தக் கலங்கல் வழியும், உபரி நீர் எங்கே போகும், எந்தத் தெரு முதலில் நனையும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த அறிவு காகிதத்தில் ஏறி வீட்டுக்கு வீடு வருவதில்லை. அவர்கள் காலத்தோடு அது போய்விடும். கலங்கலையும் மதகையும் கண்டு வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்த வரைபடத்தின் அருமை பார்த்தவுடன் புரியும். கிராமத்துப் பிள்ளைகளை அனுப்புங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பொதுக் காரியத்தை எழுதிவைப்பது நமக்குப் புதிதல்ல. 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் தந்த கூரம் செப்பேடு, ஊருக்கு ஏரி வெட்டியதையும் பாலாற்றிலிருந்து கால்வாய் வந்ததையும் பதிவு செய்திருக்கிறது. எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரி வாரியம் முதலான வாரியங்களுக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. சோழர் கல்வெட்டுகளில் தன் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர்களில் ஒருவர் ஜப்பானியர். நொபோரு கராஷிமா 1961 முதல் 1964 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படித்தார். பிறகு தமிழறிஞர் சுப்பராயலு உள்ளிட்டோரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைத் தொகுத்து 1978இல் வெளியிட்டார். 2013இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ தந்தது. ஒரு மாணவர் இங்கே வந்து வாழ்ந்து படித்ததால் நம் வரலாற்றுக்கே கிடைத்த பலன் இது. இங்கிருந்து அங்கே போகிற பிள்ளைகளாலும் அப்படி ஒரு பலன் வரும்.

தடையாக நிற்பவை மூன்று. முதலாவது, படிப்புக் கணக்கு. அங்கே எழுதிய பாடங்களை இங்கே கணக்கில் எடுக்காத கல்லூரிகளில், போகிற மாணவருக்கு ஒரு வருஷம் வீணாகிறது. ஏழை வீட்டுக்கு ஒரு வருஷம் என்பது ஒரு வருஷச் சம்பளம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் நடத்த, 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் உயர்ந்த தர மதிப்பெண்ணையோ தேசியத் தரவரிசையில் முதல் 100 இடங்களையோ கேட்கின்றன. சின்ன ஊர்க் கல்லூரிகள் அந்த வரிசையில் எப்போது நிற்பது? அவற்றின் மாணவர்களைப் பல்கலைக்கழகமே நேரடியாகத் தேர்ந்து அனுப்பி, அவர்கள் எழுதிய பாடங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கைமுதல். பரிமாற்றத்தில் போகிறவர் சொந்தக் கல்லூரிக்குக் கட்டணம் கட்டினால் போதும், அங்கே கட்ட வேண்டாம் என்பதே வழக்கமான ஒப்பந்தம். தேர்வாகிறவர்களுக்கு ஜாஸ்ஸோ என்னும் ஜப்பானிய மாணவர் சேவை அமைப்பு மாதம் 80,000 யென் உதவித்தொகை தருகிறது. ஆனால் அது கைக்கு வருவது அங்கே போய்ச் சேர்ந்த பிறகு. விமான டிக்கெட்டுக்கும் முதல் மாதச் செலவுக்கும் நகையை அடகு வைக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொகையை வட்டியில்லாமல் முன்பணமாக அரசு தரலாம்.

மூன்றாவது, மொழி. ஒரகடத்தில் கோமாட்சு, வல்லம் வடகாலில் யமஹா என்று ஜப்பானிய ஆலைகள் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. மொழி கற்க மட்டும் எங்கள் பிள்ளைகள் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. காஞ்சிபுரத்திலும் உத்திரமேரூரிலும் மாலை நேர ஜப்பானிய வகுப்புகளை அரசு தொடங்கினால், வேலைக்கும் அது உதவும், படிப்புக்கும் உதவும்.

போனவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்களே என்று கேட்பார்கள். பரிமாற்ற மாணவர் பட்டம் வாங்கவே இங்கே திரும்ப வேண்டும். திரும்பி வருகிறவரிடம் கேட்க நமக்கு ஓர் இடமும் இருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நவம்பர் 1 உள்ளாட்சி நாள் அதில் ஒன்று. அரசுப் பணத்தில் போய்வந்த மாணவர் அன்று தன் ஊர் கிராம சபையில் பேசி, தான் கற்றதில் ஒன்றை ஊரில் செய்துகாட்ட வேண்டும் என்று நிபந்தனை வைக்கட்டும். நான் எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு, ஏரிக்கரைப் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு, தெருவாரியாக வெள்ள வரைபடம் வரையத் தொடங்கியிருக்கிறேன். மாவட்ட நிர்வாகம் நில அளவை விவரங்களைத் தந்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் அதை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்.