பின் நம்பர் என்ன வெத்தலை பாக்கா?

"கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வே இல்ல சார், அதான் பணத்தை ஏமாந்துட்டு வந்து நிக்கறாங்க." போன மாசம் மட்டும் இதை மூணு பேர் என்கிட்ட சொல்லிட்டாங்க. ஒருத்தர் தாம்பரம், ஒருத்தர் வேளச்சேரி. மூணாவது ஆள், எங்க ஊர் சமுதாயக் கூடத்துல ஒரு பேங்க் சார்பா கூட்டம் போட்டு "யார்கிட்டயும் பின் நம்பர் சொல்லாதீங்க"ன்னு அரை மணி நேரம் பேசிட்டு, பிஸ்கட் பாக்கெட் கொடுத்துட்டுப் போனவர். வழக்கமா தர்பூசணி விலை, ஏரித் தண்ணி, சவுக்கு வெட்டுன்னு எழுதறவன் இன்னைக்கு ஏடிஎம் கார்டு பத்தி எழுத உட்கார்ந்திருக்கேன்னா, அந்த மூணு பேர்தான் காரணம்.

நான் சொல்ல வர்றது இதுதான்: பின் நம்பரை வாய்விட்டுச் சொல்ற பழக்கம் எங்க ஊர்ல பிறந்தது இல்ல. உங்க கடை கல்லாவுல பிறந்தது. அதை எங்களுக்குக் கத்துக் கொடுத்துட்டு, அப்புறம் எங்களைப் பார்த்து விழிப்புணர்வு இல்லைன்னு சொல்றது நியாயமே இல்ல.

செங்கல்பட்டு பஜார்ல ஒரு ஜவுளிக்கடை, திருக்கழுக்குன்றத்துல ஒரு மருந்துக்கடை, ஈசிஆர்ல ஒரு பெட்ரோல் பங்க். எதுல வேணும்னாலும் போய் அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க. கார்டை நீட்டுவாங்க. கல்லாவுல இருக்கறவர் வாங்கி மெஷின்ல சொருகுவார். மெஷின் அவர் பக்கமே திரும்பி இருக்கும், சார்ஜர் ஒயர் வேற மாட்டியிருக்கும். நிமிர்ந்துகூடப் பார்க்காம "பின் சொல்லுங்க"ம்பார். வாங்க வந்தவர் சொல்லுவார். பின்னால நிக்கறவர், பொட்டலம் கட்டற பையன், கணக்கு எழுதற பொண்ணு எல்லாருக்கும் கேட்கும். தலைக்கு மேல கேமரா ஒண்ணு கல்லாவையே பார்த்துட்டு இருக்கும். பங்க்ல இன்னும் வசதி. கார்ல உட்கார்ந்தபடியே கண்ணாடியை இறக்கி, கார்டையும் கொடுத்து நம்பரையும் கத்திச் சொல்லிடுவாங்க. கத்தறவங்க நாட்டுப்புறம் இல்லீங்க. மாமல்லபுரத்துக்கு வார இறுதியில வர்ற நீங்கதான். சனிக்கிழமை மத்தியானம் பங்க்ல டிராக்டருக்கு டீசல் போட நிக்கும்போது, நான் கேட்காமலே நாலஞ்சு பேரோட ரகசியம் என் காதுல விழுது.

அந்த நாலு இலக்கம் எதுக்கு இருக்குன்னு ஒருதரம் யோசிங்க. 0000-லேர்ந்து 9999 வரைக்கும் மொத்தம் 10,000 எண்கள். மூணு தடவை தப்பாப் போட்டா பொதுவா கார்டு முடங்கிடும். அதாவது உங்க கார்டைத் திருடினவன் குருட்டாம்போக்குல அடிச்சா, பத்தாயிரத்துல மூணு பங்குதான் அவனுக்கு வாய்ப்பு. நாலே இலக்கமா இருந்தும் பூட்டு கெட்டியா நிக்கறது அதனாலதான். வாய்விட்டுச் சொல்லிட்டா அந்தப் பத்தாயிரமும் போச்சு. அப்புறம் அவனுக்கு வேண்டியது கார்டு மட்டும்தான்.

கார்டு செய்யறவங்க அவங்க பங்கை ஓரளவு ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க. பழைய கார்டுல பின்னால கறுப்பா ஒரு காந்தப் பட்டை உண்டு. அதுல இருக்கற விவரம் மாறவே மாறாது. சின்னக் கருவியில ஒரு தேய்ப்பு தேய்ச்சா அச்சு அசலா நகல் எடுத்துடலாம். அதுக்கு மாத்தாத்தான் சிப் வந்தது. சிப் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு ரகசியக் குறியீட்டைப் போட்டு அனுப்பும். நேத்து போட்டதைத் திருடி இன்னைக்கு ஓட்ட முடியாது. ரிசர்வ் வங்கி 2013 டிசம்பர்லேர்ந்து கடையில டெபிட் கார்டுக்கு பின் கட்டாயம்னு ஆக்கிச்சு. 2018 டிசம்பர் 31-க்குள்ள பட்டை மட்டும் உள்ள கார்டையெல்லாம் சிப் கார்டா மாத்தச் சொல்லிச்சு. கோடிக்கணக்குல கார்டு மாத்தினாங்க. எல்லாம் நல்ல வேலைதான். ஆனா கல்லாவுல இருக்கற மெஷினை இந்தப் பக்கம் திருப்பி வைங்கன்னு யாரும் கண்டிப்பாச் சொல்லல. கையெழுத்து போட்ட காலத்துல கடைக்காரர் பக்கம் இருந்த மெஷின், பின் வந்த பிறகும் அங்கேயே இருக்கு. கதவுக்கு ஏழு லீவர் பூட்டு போட்டுட்டு, சாவி இருக்கற இடத்தைத் திண்ணையில நின்னு கூவற கதைதான்.

இனி எங்க தெருப் பெரியம்மா கதையைக் கேளுங்க. வேர்க்கடலை போட்ட காசு கணக்குல இருந்தது. ஏடிஎம்ல எடுக்கப் போனாங்க. மெஷின்ல தடுமாறினதும் பக்கத்துல நின்ன ஒரு பையன் "குடும்மா, நான் எடுத்துத் தரேன்"னு வாங்கினான். "பின் சொல்லும்மா"ன்னான். சொன்னாங்க. "பணம் வரல, நாளைக்கு வா"ன்னு கார்டைத் திருப்பிக் கொடுத்தான். கொடுத்தது வேற யாரோட கார்டோ. சாயங்காலத்துக்குள்ள 9,000 ரூபாய் போயிடுச்சு. பேங்குக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "யார்கிட்டயாவது பின் சொன்னியாம்மா?" பெரியம்மா பொய் சொல்லல. "சொன்னேன் சார்" அப்படின்னாங்க. "அப்ப உன் தப்புதான், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு முடிச்சுட்டார்.

வெளியில வந்ததும் பெரியம்மா என்னைக் கேட்டாங்க: "மருந்துக்கடையிலயும் ஒரு புள்ளதான் கேட்டான், துணிக்கடையிலயும் ஒரு புள்ளதான் கேட்டான், இங்கயும் ஒரு புள்ளதான் கேட்டான். அவங்களுக்குச் சொன்னா தப்பில்ல, இவனுக்குச் சொன்னா தப்புன்னா, எனக்கு இன்னா வித்தியாசம் தெரியும்?"

விழிப்புணர்வு பேசற மூணு பேரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். மாசத்துக்கு நாலு கடையில நல்லவங்க கேட்டு நல்லவங்க சொல்றதைப் பார்த்துப் பழகின மனுஷிக்கு, அஞ்சாவது ஆள் திருடன்னு எப்படித் தெரியும்? அரை மணி நேரக் கூட்டத்துல "சொல்லாதே"ன்னு சொல்றீங்க. மிச்ச நாளெல்லாம் கடை "சொல்லு"ங்குது. எது மனசுல நிக்கும்?

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தா வயிறு இன்னும் எரியும். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. நல்ல சுற்றறிக்கை. பேங்க் பக்கம் தப்புன்னா வாடிக்கையாளருக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. ரெண்டு பேர் மேலயும் தப்பில்லாம நடுவுல எங்கேயோ ஓட்டை விழுந்திருந்தா, பேங்க்லேர்ந்து தகவல் வந்து மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டாலும் அப்படித்தான். புகார் சொன்ன 10 வேலை நாளுக்குள்ள பணத்தைக் கணக்குல வரவு வைக்கணும். தப்பு வாடிக்கையாளருடையதுன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் பேங்கோடதுதான். ஆனா ஒரு வரி இருக்கு: வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைப் பிறருக்குச் சொல்லியிருந்தா அது அவரோட கவனக்குறைவு, பேங்குக்குத் தகவல் சொல்ற வரைக்கும் போன பணம் முழுக்க அவர் தலையில. தகவல் சொன்ன பிறகு போறதுதான் பேங்க் கணக்கு.

அந்த வரியை வச்சுக்கிட்டு மறுபடி கல்லாவைப் பாருங்க. "பின் சொல்லுங்க"ன்னு கடைக்காரர் கேட்கறார், நீங்க சொல்றீங்க. அந்த வினாடியே உங்களுக்கு இருந்த பாதுகாப்பை நீங்களே கழட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடுது. நாளைக்கு எது நடந்தாலும் "யார்கிட்டயாவது சொன்னீங்களா"ங்கற கேள்விக்கு உண்மையான பதில் "ஆமாம்". கேட்ட கடைக்கு அபராதம் இல்ல. மெஷின் கொடுத்த பேங்குக்குக் கேள்வி இல்ல. சொன்ன ஆளுக்கு மட்டும் தண்டனை.

படிக்காதவங்கதான் ஏமாறுவாங்கன்னு இன்னும் நினைக்கறவங்களுக்கு 2016 அக்டோபரை ஞாபகப்படுத்தறேன். நாடு முழுக்க ஏறக்குறைய 32 லட்சம் டெபிட் கார்டு விவரம் கசிஞ்சிருக்கலாம்னு பேங்குகள் பதறின. பாரத ஸ்டேட் வங்கி மட்டும் ஆறு லட்சம் கார்டு அளவுக்கு மாத்திக் கொடுத்தது. 641 பேர்கிட்டேர்ந்து 1.3 கோடி ரூபாய் போனதா தேசிய பணப்பட்டுவாடா கழகம் சொல்லிச்சு. காரணம் எந்தக் கிழவியும் இல்ல. ஏடிஎம் பரிவர்த்தனைகளைக் கையாண்ட ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் கம்பெனியோட கம்ப்யூட்டர்ல புகுந்த தீநிரல். அவங்களைப் பார்த்து யாராவது "விழிப்புணர்வு இல்லாத ஜனங்க"ன்னு சொன்னாங்களா? இல்ல. அதுக்கு "தொழில்நுட்பக் கோளாறு"ன்னு மரியாதையா ஒரு பேர் கிடைச்சுது.

கடைக்காரங்க பக்கம் நியாயம் இல்லாம இல்ல. நானும் சந்தையில சரக்கு விக்கறவன்தான். கூட்ட நேரத்துல வயசானவங்க ஒவ்வொரு பட்டனா தேடினா வரிசை நிக்கும், நெட் வேற இழுக்கும். ஆனா ஒயரைக் கழட்டி மெஷினைக் கையில கொடுக்க எத்தனை வினாடி ஆகும்? எண் படிக்கத் தெரியாதவங்களுக்கும் வழி இருக்கு. செல்ஃபோன் மாதிரியே மெஷின்லயும் 1, 2, 3 மேல் வரிசையில. நடுவுல 5 மேல விரலுக்குத் தட்டுப்படற மாதிரி சின்னதா ஒரு புள்ளி வழக்கமா இருக்கும். பட்டன் ஃபோன்ல மகளுக்கு நம்பர் போட்டுப் பேசற எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு இது ஒரு வித்தையே இல்ல. பெரியம்மாவுக்கு எங்க வீட்டு ஃபோன்லயே பழக்கினோம், ஒரு சாயங்காலம் போதுமா இருந்தது.

மாமல்லபுரத்துல சிற்பக் கடைகள்ல பாருங்க. வெள்ளைக்காரர் கார்டைச் சுலபத்துல கைவிட மாட்டார். மெஷினை வாங்கி, இன்னொரு கையால மறைச்சு அடிப்பார். அதே கடைக்காரர் அவருக்கு மட்டும் மெஷினை நீட்டறார். ஆக, ஒயர் நீளமில்லங்கறது, நேரமில்லங்கறது எல்லாம் நமக்கு மட்டும் சொல்ற சாக்கு. பிரிட்டன்ல 2006-ல சிப்பும் பின்னும் கட்டாயமாச்சு. அங்க ஓட்டல்ல மெஷின் மேசைக்கு வரும், கார்டு கல்லாவுக்குப் போகாது. நாம கேட்கல, அதனால நமக்கு நீட்டல. அவ்வளவுதான்.

"இப்ப எல்லாம் ஜிபேதான், கார்டு யார் தேய்க்கறா"ன்னு கேட்பீங்க. யுபிஐ-க்கும் ஒரு பின் உண்டு. கார்டு பின்னை ஊருக்குச் சொல்லிப் பழகின வாய் அதை மட்டும் மூடிக்குமா? அதோட, எங்க பக்கத்துல கார்டு இப்பத்தான் பல வீட்டுக்குள்ள வந்திருக்கு. 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி பக்கத்துக் காஞ்சிபுரத்துலதான் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கி வச்சாங்க. ஏடிஎம் கார்டையும் கொடுத்தாங்க. ஒரு கோடிக்கும் மேல பெண்கள், மாசம் 1,000 ரூபாய். வாழ்க்கையில முதல் தடவையா தன் பேர்ல ஒரு கார்டு வாங்கினவங்க அதுல நிறைய பேர். அவங்க கார்டை எப்படிப் பிடிக்கணும்னு கத்துக்கறது கூட்டத்துலயோ நோட்டீஸ்லயோ இல்ல. வரிசையில முன்னால நிக்கற உங்களைப் பார்த்துத்தான்.

அதனால உங்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கறேன். அடுத்த தடவை "பின் சொல்லுங்க"ன்னு கேட்டா, "மெஷினைக் குடுங்க"ன்னு சொல்லுங்க. சத்தமாவே சொல்லுங்க, பின்னால நிக்கற அக்காவுக்குக் கேட்கணும். ஒரு கையால மறைச்சு அடிங்க. அலையலையா கோடு போட்ட கார்டுன்னா 5,000 ரூபாய் வரைக்கும் பின் இல்லாமலே தட்டினாப் போகும். தேவையில்லன்னா நிறுத்தி வைக்கலாம். ஆப் மட்டும் இல்ல, ஏடிஎம், ஃபோன் வழியாவும் அந்த வசதி தரணும்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு. உங்க அம்மா அப்பா ஊர்ல இருந்தா, லீவுக்கு வரும்போது இதைச் செஞ்சு கொடுத்துட்டுப் போங்க. பணம் போயிடுச்சுன்னா அன்னைக்கே பேங்குக்கும் 1930-க்கும் சொல்லுங்க. பேங்க் 30 நாள்ல பதில் தரலன்னாலும், தந்த பதில் சரியில்லன்னாலும் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம். 14448-ல விவரம் கேளுங்க.

பேங்குகாரங்களுக்கும் ஒண்ணு. கூட்டம் போட வேண்டியது எங்க சமுதாயக் கூடத்துல இல்ல, நீங்க மெஷின் கொடுத்திருக்கற கடையில. பின் கேட்கற கடைக்கு முதல் தடவை எச்சரிக்கை, ரெண்டாவது தடவை மெஷினைப் பிடுங்குங்க. "எங்கள் ஊழியர் உங்கள் பின் எண்ணைக் கேட்கக்கூடாது"ன்னு கல்லாவுல தமிழ்ல பெருசா ஒரு அட்டை மாட்ட வைங்க. கடைக்காரர் கேட்டுத்தான் பின் போச்சுன்னா, நஷ்டத்துல அவருக்கும் உங்களுக்கும் பங்கு உண்டுன்னு விதியை மாத்தச் சொல்லிக் கேளுங்க. அதைச் செஞ்சுட்டு வாங்க, அப்புறம் எங்க விழிப்புணர்வைப் பத்திப் பேசலாம். பிஸ்கட் நாங்களே வாங்கி வைக்கறோம்.