மைலேஜ் கணக்கு பொய். வாடகை நம்ம தலையில்!

விவசாயப் பெருமக்களே!

சின்னமனூர் வாழையும் கம்பம் திராட்சையும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறித்தான் கேரளா போகணும். பிக்கப் கம்பெனிகள் சொல்லும் மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி அளந்தது. அங்கே கொண்டை ஊசி வளைவு ஏது? லோடோடு ரெண்டாம் கியரில் ஏறினால் அந்த மைலேஜ் வருமா?

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று நம்பி வாங்கிய வண்டி 10 கொடுத்தால், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டருக்கு மேல் டீசல் கூடுதல். டீசல் விலைக் கட்டுப்பாட்டையும் மத்திய அரசு 2014 அக்டோபரில் கைவிட்டது. தவணை கட்டும் வண்டிக்காரர் வாடகையை ஏத்துறார். வியாபாரி அதை நம்ம சரக்கு விலையில் கழிக்கிறார்.

லோடோடு மலையேறினால் என்ன மைலேஜ் என்று கம்பெனிகள் எழுதித் தரணும்! அரசே, அதைக் கட்டாயமாக்கு! ஒன்றுபட்டுக் கேட்போம்!