பீட் புகையும் நீலகிரிச் சதுப்பும்

ஸ்காட்ச் விலை குறையப்போகிறது என்று எங்கள் எம். புதுப்பட்டி டீக்கடை வரைக்கும் சந்தோஷம். பிரிட்டனோடு 2025 ஜூலையில் போட்ட ஒப்பந்தப்படி 150 சதவீத இறக்குமதி வரி முதலில் 75 ஆகிறது. பத்தாண்டில் 40-க்கு இறங்கும். இறங்கட்டும். எனக்கு எரிச்சல் மூட்டியது வேறு. துபாயிலிருந்து லீவுக்கு வந்த தம்பி ஒருவர் பாட்டிலை நீட்டி, "அண்ணாச்சி, இது எத்தனை பிபிஎம்னு பாருங்க. நம்பர் கூடக்கூடத்தான சரக்கு ஒசத்தி?" என்றார்.

எண்ணை வைத்து ருசியை அளக்கிறவர்களோடு நான் மல்லுக்கட்டுவது இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழக்கம்தான். பிபிஎம் என்பது முளைகட்டிய பார்லியைப் பீட் என்ற சதுப்புக் கரியின் புகையில் உலர்த்தும்போது அதில் ஏறும் பீனாலின் அளவு. பாட்டிலில் இருப்பதன் அளவல்ல. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் லாகவூலின், கல் ஈலா வடிசாலைகள் இரண்டுக்கும் பார்லி ஒரே போர்ட் எலன் ஆலையிலிருந்து, ஏறத்தாழ ஒரே 35 பிபிஎம்மில் வருகிறது. குடித்தால் இரண்டும் வேறு வேறு. வடிப்பின் பின்பகுதியில்தான் பீனால் அதிகம் இறங்கும். வடிப்பவர் எங்கே நிறுத்துகிறார், செப்புக் கலம் என்ன வடிவம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

பட்டாசு செய்யும் எங்கள் ஊர் மூக்குக்குப் புகை புதிதல்ல. ஆனால் சரவெடிப் புகையில் கந்தகம். விஸ்கியில் கந்தகம் தலைகாட்டினால் பெரும்பாலும் குறை என்பார்கள். பீட் புகை, நனைந்த பனைமட்டை கனன்று புகைவது போல. முதல் மோப்பத்தில் டிங்சர், தார், கடற்பாசி. அங்கேயே முகம் சுளித்துவிடக் கூடாது. வாய் குறுகிய கிளாஸில் கொஞ்ச நேரம் வைத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்தால் புகைக்குப் பின்னாலிருந்து எலுமிச்சையும் பார்லியின் இனிப்பும் வரும். தண்ணீர் சேர்ந்தால் புகைமணம் தரும் குவையகால் மேற்பரப்புக்கு ஏறுகிறது என்று 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் கணினி மாதிரியில் காட்டினார்கள்.

பெங்களூரு அம்ருத்தின் ஃப்யூஷன் விஸ்கியில் இந்திய பார்லியோடு சேர்வது பீட் புகையேறிய ஸ்காட்லாந்து பார்லி என்று தம்பியிடம் சொன்னேன். "நம்மகிட்ட பீட்டே கெடையாதா அண்ணாச்சி?"

இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா பள்ளத்தாக்கில், புல்வெளி மேடுகளுக்கு இடையே, புல்லும் கோரையும் நீரில் மூழ்கி, காற்றுப் படாமல், முழுசாக மக்காமல் அடுக்கடுக்காகக் கறுத்துக் கிடக்கின்றன. ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் அந்த அடுக்குகளின் கரிம ஐசோடோப்புகளை அளந்து 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மழைக்காலத்துச் செடியும் வறட்சிக்காலத்துப் புல்லும் வெவ்வேறு விகிதத்தை விட்டுச் சென்றிருக்கின்றன. பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன், இந்த மலை வறண்டு கிடந்ததும், 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை ஓங்கியதும் அந்தச் சேற்றில் பதிவாகியிருக்கின்றன. வானம் பார்த்த பூமியில் பிறந்த எனக்கு, நம் மழைக்கு இவ்வளவு பழைய கணக்கு ஒன்று இருப்பதே பெரிய செய்தி.

பீட் ஓராண்டில் வளர்வது ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான். ஒரு மீட்டரை வெட்டி எரித்தால் ஆயிரம் ஆண்டு போச்சு. ஸ்காட்லாந்தில் சதுப்பு பரந்து கிடக்கிறது. நம்மிடம் இருப்பவை சிறு பள்ளங்கள். அவற்றைச் சுற்றியுள்ள புல்வெளியையும் வாட்டிலும் தைலமரமும் ஏற்கெனவே பிடித்துவிட்டன. நீலகிரி பீட்டில் விஸ்கி வேண்டவே வேண்டாம். ஊட்டி போகும் வாசகர்களே, மேடுகளுக்கு நடுவே கறுத்த ஈரப் பள்ளத்தைக் கண்டால் அதில் வண்டியை இறக்காதீர்கள், கரையிலேயே நில்லுங்கள்.