பழைய கம்ப்யூட்டருக்கு ரேம் போடலாமா?



"வீட்டுக் கம்ப்யூட்டர் ரொம்ப ஊர்கிறது, ரேம் ஏத்தலாமா?" என்று போன மாதம் இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். பாதிப் பேர் "ஏத்துங்க டீச்சர்", மீதிப் பேர் "தூக்கிப் போடுங்க டீச்சர்". பெங்களூரில் இருக்கும் என் மகன், "அம்மா, புதுசு வாங்கித் தர்றேன், அதைப் பழைய இரும்புக்குப் போடுங்க" என்கிறான். யாருமே அதற்கு என்ன நோய் என்று கேட்கவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

2013இல் அரியர் பணம் வந்தபோது வாங்கிய பெட்டி அது. எனக்காக மட்டும் என்றால் விட்டிருப்பேன். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி சாயங்காலம் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வருகிறாள். அப்பா லாரி டிரைவர், வடநாட்டு லைனில் போனால் வீடு திரும்ப இருபது நாள் ஆகும். வீட்டில் இருப்பது ஒரே போன். பழைய வினாத்தாளை ஒரு பக்கமும் பாடத்தை இன்னொரு பக்கமும் திறந்தால் பெட்டி நின்றுவிடுகிறது. "பரவால்லைங்க டீச்சர்" என்று நோட்டில் எழுதிக்கொண்டே காத்திருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் பாதி அப்படியே போய்விடும். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ரேம் என்றால் என்ன? நம் கரும்பலகைதான். ஹார்ட் டிஸ்க் அலமாரி. பலகை பெரிதாக இருந்தால் கணக்கு, படம், வீட்டுப்பாடம் எல்லாம் ஒரே சமயத்தில் எழுதி வைக்கலாம். சிறிதாக இருந்தால் ஒன்றை அழித்து அலமாரி நோட்டில் குறித்துவைத்து, திரும்பத் தேவைப்படும்போது பார்த்து எழுத வேண்டும். அந்த ஓட்டம்தான் இந்த ஊர்தல். ஆனால் பாதிப் பலகை காலியாகவே கிடக்கும் வகுப்பில் இன்னொரு பலகை மாட்டி என்ன பயன்?

அதனால் கடைக்குப் போகும் முன் பார்த்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். நீங்கள் வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறந்துவைத்து மெமரியைப் பாருங்கள். 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதிதான் ஆகி, டிஸ்க் மட்டும் 100இல் நின்றால் ரேமுக்குச் செலவழிக்க வேண்டாம், எஸ்எஸ்டி போடுங்கள். எத்தனை ஸ்லாட் காலி என்பதும் அங்கேயே தெரியும்.

என்னுடையதில் மெமரி நிறைந்துதான் இருந்தது. ஒரு ஸ்லாட் காலி. சரி, இன்னொரு 4 ஜிபி போட்டால் முடிந்தது என்று கிளம்பப் பார்த்தேன். நல்லவேளை, சிஸ்டம் விவரத்தையும் பார்த்தேன். ரேம் 4 ஜிபி, பயன்படுவது 3.21 என்று இருந்தது. உள்ளே இருப்பது 32 பிட் விண்டோஸ்! வாங்கியபோது 7 இருந்தது, பிறகு ஒருவர் 10 ஆக மாற்றிக் கொடுத்தார், 32 மட்டும் மாறவே இல்லை. சாதாரண 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. நான் கேட்ட கடையில் "போட்டா பறக்கும்மா" என்று சொல்லி விலையும் சொன்னார்களே தவிர, இதை யாரும் கேட்கவில்லை. எட்டு ஜிபி போட்டிருந்தாலும் அதே ஊர்தல்தான்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. என் பெட்டியின் பிராசஸருக்கு 11 ஒத்துவராது, எவ்வளவு ரேம் போட்டாலும் இது மாறாது.

ஆகவே என் முடிவு: படங்களையும் பென்ஷன் தாள்களையும் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, 64 பிட் லினக்ஸ் மின்ட் போடுவது, கூடவே பழைய டிடிஆர்3 ரேம் 4 ஜிபி ஒன்று. லினக்ஸிலும் தமிழ்99இல் தட்டச்சு செய்யலாம், அவளுக்கு அது போதும். 16 ஜிபி வேண்டாம். பன்னிரண்டு வயது மதர்போர்டு நாளைக்கே போகலாம், அதன்மேல் எவ்வளவு கொட்டுவது? ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் புது ரேம் விலை வேறு ஏறிக் கிடக்கிறது. மைக்ரான் நிறுவனம் கடைகளில் விற்றுவந்த 'க்ருஷியல்' ரேமையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. மகன் சொல்லும் புதுப் பெட்டியை இது நின்றபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்திப் பார்க்காதீர்கள். மின் ஒயரைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். பழைய ரேமின் தங்கநிறப் பற்களைப் பென்சில் அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டினாலே சில பெட்டிகள் உயிர் பெறும். நம் கையில் ரப்பருக்கா பஞ்சம்!

கடைசியாக ஒன்று கேட்கிறேன். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர். அது இப்போது பரணில்தானே இருக்கிறது? அதன் ரேம் குட்டையானது, என் பெட்டிக்குப் பொருந்தாது, அதற்காகக் கேட்கவில்லை. அந்த மடிக்கணினியே ஓடினால் இந்தப் பெண்ணைப் போல இன்னும் இரண்டு பிள்ளைகள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள், அப்படியே சொல்லுங்கள். மற்றபடி சங்ககிரிப் பக்கம் வரும்போது எடுத்து வாருங்கள் கண்ணுகளா. சார்ஜரை மறந்துவிடாதீர்கள்.